பவளப்பாறை இடுக்குல ஆரம்பிச்சு மடிகேரி ஏத்தத்துல தெரிஞ்ச பெண்ட்ஸ்: குன்னூர்க்காரங்க நாலு பேரோட நிகழ்வு ஆய்வு

பெண்ட்ஸ்னா ஸ்கூபா டைவ்ல ஆழத்துலருந்து வேகமா மேல வர்றப்ப, உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் குமிழ் கட்டறதால வர்ற நோய். இதுல வர்ற நாலு பேர்கிட்டயும் கேட்டுட்டுதான் எழுதறேன். யார் பேரும் இல்ல, தீவு பேரும் டைவ் கடை பேரும் வேணும்னேதான் போடல. யாரையும் குத்தம் சொல்ல எழுதல, தப்புல பெரிய பங்கு என்னோடது. மலையில குடியிருந்துட்டு கடல்ல டைவ் பண்ணப் போறவங்க இப்ப நிறைய பேர் ஆயிட்டாங்க, அவங்க ஒருத்தராவது இதைப் படிச்சுட்டு வண்டிய வேற ரோட்டுல விட்டா போதும்.

பின்னணி

நான் குன்னூர், 60 டைவ் கிட்ட பண்ணியிருக்கேன். கூட என் தங்கச்சி பையன், மாப்ளன்னுதான் கூப்பிடுவேன், 26 வயசு, ஓப்பன் வாட்டர்ங்கற ஆரம்ப கோர்ஸ் முடிச்சு 14 டைவ். கோத்தகிரியில ப்ளஸ் டூவுக்கு ஃபிசிக்ஸ் எடுக்கற டீச்சர் ஒருத்தங்க, 30 டைவ் மேல, எங்கள்ல நிதானமான ஆள் அவங்கதான். நாலாவது ஊட்டியில வண்டி ஓட்டற தம்பி, அவனுக்கு இது எட்டாவது ஒம்பதாவது டைவ் இருக்கும். நாலு பேருமே பாண்டிச்சேரியில கோர்ஸ் பண்ணவங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை தீபாவளி முடிஞ்சு மேற்குக் கடற்கரைக்குப் போவோம், மழைக்காலத்துல அங்க கடல் மூடியிருக்கும், அக்டோபர் வாக்குல திறந்தா மே வரைக்கும் ஓடும். இந்தத் தடவை கர்நாடகா பக்கம், மங்களூருக்கு வடக்க மூணு மணி நேரம், அங்கிருந்து படகுல ஒன்றரை மணி நேரம் போனா ஒரு பாறைத் தீவு. தம்பியோட டிஎன் 43 வண்டியிலயே போனோம். போகும்போது மைசூர், மடிகேரி வழி. அதையே திரும்பவும் பிடிக்கறதா ப்ளான்.

இடுக்கு எப்படி இருந்துச்சு

தீவோட மேக்கால பெரிய பெரிய பாறைங்க சரிஞ்சு கிடக்கும், அது மேல பவளம் படர்ந்திருக்கும், மேல் விளிம்பு 9 மீட்டர்ல, அடி மணல் 20 மீட்டர்ல. அதுல ரெண்டு பாறை சாஞ்சு நடுவுல ஒரு சந்து விட்டிருக்கு. நீளம் ஒரு 7 மீட்டர் இருக்கும், அகலம் ஒரு ஆள் டேங்கோட போற அளவுதான், நடுவுல 3 மீட்டருக்கு மேல கூரை மாதிரி மூடிடும். வாசல் 17 மீட்டர் ஆழத்துல. அந்தப் பக்கம் நீலமா வெளிச்சம் தெரியும், அதனால கைடு இதை குகைன்னு சொல்லல, “ஸ்விம் த்ரூதான், விருப்பம் இருந்தா வாங்க, இல்லன்னா மேல தாண்டி வந்து அந்தப் பக்கம் சேந்துக்கோங்க”ன்னாரு.

மேல தாண்டிப் போறதுக்கு 8 மீட்டர் ஏறினா போதும். அவ்ளோ சுலபமான மாத்து வழி இருந்துச்சுங்கறதை இங்க அழுத்திச் சொல்லணும்.

தலைக்கு மேல பாறை வந்துட்டா நேரா மேல போற வழி இல்ல, அதுதான் ஓப்பன் வாட்டர் டைவிங்குக்கும் மத்ததுக்கும் இருக்கற கோடு. குகைக்குள்ள போறவங்க காத்தை மூணா பிரிப்பாங்க, உள்ள போக ஒரு பங்கு, வெளிய வர ஒரு பங்கு, கெட்ட நேரத்துக்கு ஒரு பங்கு. ஏழு மீட்டர் சந்துக்கு அதெல்லாம் எதுக்குன்னு தோணும். எனக்கும் தோணுச்சு.

அன்னிக்கு காலையில மொத டைவ் 18 மீட்டர், 42 நிமிஷம், ஒரு பிரச்சனையும் இல்ல. படகுல 55 நிமிஷம் ரெஸ்ட். ரெண்டாவது டைவ்லதான் இந்தச் சந்து.

பாத்தது, புரிஞ்சுக்காதது

சந்து வாசல்ல ஒரு கைநீளம் தள்ளி சின்ன மஞ்சள் மீன் கூட்டம் ஒன்னு நின்னுட்டு இருந்துச்சு. நின்னுட்டு இருந்துச்சுன்னா ஒரே இடத்துல இல்ல, மொத்தக் கூட்டமும் சந்துக்குள்ள ஒரு மீட்டர் போகும், உடனே ஒரு மீட்டர் வெளிய வரும், தொட்டில் ஆடற மாதிரி, ஒன்னு கூட வாலை ஆட்டல. அழகா இருக்குன்னு பாத்துட்டு இருந்தேன். உண்மையில அது மேல போற அலையோட இழுப்பு. திறந்த இடத்துல அது லேசாத்தான் தெரியும், ஆனா அதே தண்ணி குறுகின சந்துக்குள்ள போகணும்னா வேகம் கூடித்தான் ஆகணும், குன்னூர்ல காட்டேரி ஓடை பாறை நடுவுல நுழையற இடத்தைப் பாத்தவங்களுக்கு இது தெரியும். மீன் எனக்குக் காட்டிக் கொடுத்துச்சு, நான் வாசிக்கல.

கைடு போனாரு, டீச்சர் போனாங்க, மாப்ள மூணாவது, நான் அவன் பின்னாடி. தம்பி வரலன்னு கை காட்டிட்டு கைடோட உதவியாளர் கூட மேல தாண்டிப் போயிட்டான். மாப்ளகிட்ட காத்து எவ்ளோன்னு கேட்டேன், டேங்க்ல மிச்ச அழுத்தம் 110 பார்னு காட்டினான், நான் ஓகே கொடுத்தேன். அந்த ஓகே கொடுத்திருக்கக் கூடாது. நிறைஞ்ச டேங்க்லருந்து 14 நிமிஷத்துல 90 பார் இழுத்திருக்கான்னா அவன் ஏற்கெனவே பதட்டமா இருக்கான்னு அர்த்தம்.

கூரை மூடற இடத்துல ஒரு இழுப்பு வந்து அவனை முன்னாடி தள்ளுச்சு, அடுத்த இழுப்பு பின்னாடி. அப்ப அவனோட கேஜ் ஹோஸ், அதாவது மிச்சக் காத்தைக் காட்டற மீட்டரோட குழாய், அதை பிசிடியில (காத்து ஊதற மிதவை ஜாக்கெட்) மாட்டாம தொங்க விட்டிருந்தான், பாறைப் பிளவுக்குள்ள போய் சொருகிக்கிச்சு. அவனுக்கு என்ன பிடிச்சிருக்குன்னு தெரியல, இடுப்புக்கிட்ட யாரோ இழுக்கற மாதிரி இருந்துச்சாம், அதனால முன்னாடி உதைக்க ஆரம்பிச்சான். உதைக்க உதைக்க மணல் கிளம்பி என் முன்னாடி அவன் கால்ல மாட்டின ஃபின் மட்டும் தெரியுது, டேங்க் கூரையில இடிக்கற சத்தம் டங் டங்னு காதுக்குள்ள.

உள்ள எடுத்த முடிவு

ரெண்டு வழிதான் இருந்துச்சு, பின்னாடி இழுக்கறது இல்ல பக்கத்துல போய் அவிழ்க்கறது. இழுத்தா ஹோஸ் அறுந்துட்டா மிச்சக் காத்தும் போயிடும். அதனால அவன் ஃபினை ரெண்டு தடவை அழுத்திப் பிடிச்சேன், நிறுத்துங்கறதுக்கு நாங்க வச்சிருந்த சைகை அது. மூணாவது தடவைதான் நின்னான். மணல்ல வயிறு தேய அவன் பக்கவாட்டுல ஒரு கையை மட்டும் விட்டு, ஹோஸைத் தடவிட்டே போய், கேஜை வெளிய இழுக்காம இன்னும் உள்ள தள்ளித் திருப்பினேன், கழண்டு வந்துச்சு. மொத்தம் நாலு நிமிஷம்தான். கேஜ் 60 பார்.

இந்தக் கணக்கை எல்லாரும் ஒரு தடவை போட்டுப் பாக்கணும். 17 மீட்டர்ல அழுத்தம் 2.7 பார். சும்மா இருந்தா நிமிஷத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடற ஆள், பயந்து திணறினா 50 லிட்டர் விடுவான். 50 ஐ 2.7 ஆல பெருக்கினா 135 லிட்டர். 11 லிட்டர் டேங்க்ல அது நிமிஷத்துக்கு 12 பார். இன்னொரு நாலு நிமிஷம் மாட்டியிருந்தா நான் இதை எழுதற நிலைமையிலேயே இருந்திருக்க மாட்டேன்.

வந்த வழியாவே பின்வாங்கி வெளிய வந்தோம். அவன் முழங்கால்ல ஃபயர் கோரல் உரசி செவந்து தடிச்சிருந்துச்சு, கூரையில ஒரு கைப்பிடி அளவு பவளம் உடைஞ்சு மணல்ல கிடந்துச்சு. அதுவும் மனசுல நிக்குது. பவளம் 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் பட்டியல்ல இருக்கற உயிரு, புலிக்குக் குடுக்கற அதே பாதுகாப்பு.

மேல ஏறினப்ப

10 மீட்டர் வரைக்கும் ஒழுங்கா வந்தான். அப்புறம் மாஸ்க்குக்குள்ள தண்ணி போய் இருமல் வந்து மேல பாத்து ஒரே உதையா உதைச்சுட்டான். பிசிடியைப் பிடிச்சு என்னால முடிஞ்ச வரைக்கும் மெதுவாக்கினேன், ஆனா நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல ஏறக் கூடாதுங்கறதெல்லாம் எங்கயோ போச்சு, ரெண்டு பேரோட டைவ் கம்ப்யூட்டரும் கத்துது. 5 மீட்டர்ல 3 நிமிஷம் நிக்கற சேஃப்டி ஸ்டாப் கிடையவே கிடையாது. மேல வந்தப்ப மணி 12:20.

படகுல இருந்தவர் “திரும்பக் கீழ போய் அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வாங்களேன்”ன்னாரு. நான் வேண்டாம்னுட்டேன். பயந்து போய் இருமிட்டு இருக்கறவனை 60 பாரோட திரும்ப இறக்கறது தப்பு, இந்த ஒரு முடிவை இன்னிக்கும் சரின்னுதான் நினைக்கறேன். படகுல ஆக்சிஜன் இருக்கான்னு கேட்டேன். கரையில கடையில இருக்குன்னாங்க. கரைக்குப் போனப்ப மணி 2:15, அவன் சிரிச்சுப் பேசிட்டு மீன் சாப்பாடு சாப்பிட்டுட்டு இருந்தான், அதனால ஆக்சிஜனை நான் மறுபடி கேக்கல. கேட்டு வாங்கிக் குடுத்திருக்கணும்.

கிளம்பற முடிவும் நான் போட்ட கணக்கும்

எங்க ரெண்டு பேர் கம்ப்யூட்டர்லயும் சின்ன விமானப் படம் எரிஞ்சுட்டு இருந்துச்சு, ப்ளேன் ஏறாதேன்னு அர்த்தம். தம்பி பாத்துட்டு “அண்ணா நாம கார்லதான போறோம்”ன்னான். நான் விவரம் தெரிஞ்சவன் மாதிரி அவனுக்கு விளக்கினேன். ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் 1,850. விமானத்துக்குள்ள இருக்கற காத்தழுத்தம் அதிகபட்சம் 2,438 மீட்டர் உயரத்துக்குச் சமமா இருக்கும், அதனால நமக்கு வீட்டுக்குப் போறதே விமானம் ஏறற மாதிரிதான்னு. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்ங்கற டைவிங் பாதுகாப்பு அமைப்பு 2002ல கூட்டம் போட்டு முடிவு பண்ண கணக்கு, ஒரே ஒரு டைவ்னா 12 மணி நேரம், ஒன்னுக்கு மேலன்னா 18 மணி நேரம் காத்திருக்கணும். 3:45க்கு கிளம்பினா ராத்திரி மைசூர், லாட்ஜ்ல தூக்கம், பந்திப்பூர் கேட் ராத்திரி 9 மணிலருந்து காலை 6 வரைக்கும் மூடியிருக்கும், 6க்கு திறந்ததும் நுழைஞ்சா தெப்பக்காடு, கூடலூர், நடுவட்டம் வழியா 9 மணி வாக்குல ஊட்டி. டைவ் முடிஞ்சு 20 மணி நேரத்துக்கு மேல ஆயிடும். சரியா இருக்குன்னு நினைச்சேன்.

இதுல ரெண்டு ஓட்டை. அந்த 18 மணி நேரம் ஒழுங்கா ஏறி வந்த டைவுக்கு. வேகமா மேல வந்து, உள்ள மல்லுக்கட்டி, ஸ்டாப்பும் விட்டவனுக்கு அது குறைஞ்சபட்சம்கூட இல்ல. இன்னொன்னு அதைவிடப் பெருசு, வீட்டோட உயரத்தை மட்டும் கணக்குப் போட்டேன், வழியோட உயரத்தை போடல. அந்த விதி 610 மீட்டருக்கு மேல எங்க போனாலும் பொருந்தும். மடிகேரி 1,150 மீட்டர் கிட்ட. நம்ம ஊர்க்காரங்க சமவெளின்னு சொல்ற மைசூரே 770 மீட்டர். மலையில பொறந்து வளந்ததால ஊட்டிக்குக் கீழ இருக்கறதெல்லாம் எனக்குப் பள்ளமாத்தான் தெரிஞ்சுச்சு.

சம்பாஜே மலை ஏத்தத்துல

மங்களூர்ல டீ குடிச்சப்ப டீச்சர் நேந்திரங்காய் சிப்ஸ் ரெண்டு பாக்கெட் வாங்கினாங்க. புத்தூர், சுள்யா தாண்டி சம்பாஜேலருந்து ஏத்தம் ஆரம்பிச்சுச்சு, மணி ஒம்பதரை. மாப்ள பின் சீட்ல இடது தோளைப் பிடிச்சு விட்டுட்டே வந்தான், கேட்டதுக்கு “இடுக்குல இழுத்ததுல பிடிச்சுக்கிச்சு மாமா, ஒன்னுமில்ல”ன்னான். எனக்கும் அதுதான் நியாயமா பட்டுச்சு. கொஞ்ச நேரத்துல விரல் நுனி மரத்த மாதிரி இருக்குன்னான்.

அப்ப டீச்சர் மொபைல் லைட்டைப் போட்டு அந்த சிப்ஸ் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினாங்க. மங்களூர்ல மடங்கி தொளதொளன்னு இருந்த கவர், இப்ப ஓரம் தெறிக்கற மாதிரி தலகாணியா உப்பி நிக்குது. நம்ம ஊர்ல யாருக்கும் இது புதுசில்ல, பர்லியார் தாண்டினாலே பாக்கெட் உப்பும், ஊட்டியில மூடின தண்ணி பாட்டில் மேட்டுப்பாளையம் போறதுக்குள்ள நசுங்கிடும். டீச்சர் சத்தமா எதுவும் சொல்லல, “அண்ணா, இதுக்குள்ள இருக்கற காத்துதான் அவன் தோளுக்குள்ளயும் இருக்கு. வண்டிய திருப்பச் சொல்லுங்க”ன்னாங்க.

ஆழத்துல அழுத்தத்துல மூச்சு விடும்போது நைட்ரஜன் உடம்புல கரையும், மெதுவா மேல வந்தா நுரையீரல் வழியா வெளிய போயிடும், வேகமா வந்தா சோடா மூடியைத் திறந்த மாதிரி குமிழ் கட்டும். கடல்மட்டத்துல 1,013 மில்லிபார் இருக்கற காத்து ஊட்டியில 770, 780தான். கடல்மட்டத்துல அடங்கிக் கிடந்த குமிழ் மலை ஏறினா பெருசாகும். அவ்ளோதான் விஷயம். டைவர் மலை ஏறக் காத்திருக்க வேண்டிய நேரத்துக்கு அமெரிக்க நேவி மேனுவல்ல தனி அட்டவணையே இருக்கு, விமானத்துக்கு மட்டும் இல்ல.

மடிகேரி இன்னும் கொஞ்ச தூரம்தான், அங்க ஆஸ்பத்திரி இருக்கு, தம்பி அங்க போயிடலாம்னான். கீழ மங்களூர் மூணு மணி நேரம். யோசிச்சோம். டவர் கிடைச்ச ஒரு வளைவுல நிறுத்தி டீச்சர் தன்னோட டைவ் இன்சூரன்ஸ் கார்டுல இருந்த அவசர நம்பருக்கு அடிச்சாங்க, எங்கள்ல இன்சூரன்ஸ் எடுத்திருந்தது அவங்க மட்டும்தான். ஃபோன்ல வந்த டாக்டர் ஆழம், நேரம், எவ்ளோ வேகமா மேல வந்தான், வலி எப்ப ஆரம்பிச்சுச்சுன்னு கேட்டாங்க. அப்புறம் தோளை விரலால அமுக்கச் சொன்னாங்க, வலி கூடுதா? கூடல. கையைத் தூக்கச் சொன்னாங்க, அப்பவும் அதே வலிதான், உள்ளுக்குள்ள பல்வலி மாதிரி. தசைப் பிடிப்புன்னா அமுக்கினா சுருக்குன்னு இருக்கும், இது அப்படி இல்லன்னாங்க. ரோட்டோரம் கோடு மேல நடக்க வச்சோம், கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னோம், ரெண்டும் சரியா பண்ணான். ஒரு அடி கூட மேல ஏறாதீங்க, இறங்குங்க, ஆக்சிஜன் குடுங்க, படுக்க வைங்கன்னாங்க. திருப்பிட்டோம்.

அதுக்கப்புறம்

மங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு ராத்திரி 12:40க்குப் போனோம். டூட்டி டாக்டர் பெண்ட்ஸ் கேஸ் பாத்ததில்லன்னு நேர்மையா சொன்னாரு, ஃபோன்ல அந்த டாக்டர்கிட்ட பேசினாரு, உடனே பை வச்ச மாஸ்க்ல நிமிஷத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் வச்சாரு. அவருக்கு நாங்க கடமைப்பட்டிருக்கோம். விடிகாலை 3 மணிக்கு வலி பத்துக்கு ஆறுலருந்து ரெண்டுக்கு வந்துச்சு, விரல் மரப்பு போயிடுச்சு. வலி குறைஞ்சதும் வீட்டுக்குப் போலாமான்னு கேட்டான், ஆக்சிஜன்ல குறையற வலி அதை எடுத்ததும் திரும்ப வரலாம்னு விடல. காலையில ஆம்புலன்ஸ்ல கடலோர ரோட்டுலயே வேற ஊர்ல இருந்த பிரஷர் சேம்பருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்துல வச்சு, ஆக்சிஜன் குடுத்து, நடுநடுவுல சாதாரணக் காத்து குடுத்து, படிப்படியா இறக்கி, மொத்தம் 4 மணி 45 நிமிஷம். உள்ள போன கொஞ்ச நேரத்துலயே தோள் லேசாயிடுச்சுன்னு கண்ணாடி வழியா கட்டைவிரலைக் காட்டினான், அப்புறம் டைவர்ஸ்ல அதுக்கு மேல போங்கன்னு அர்த்தம்னு ஞாபகம் வந்து ஓகே காட்டினான்.

மூணு நாள் கடலோரத்தை விட்டு நகரக் கூடாதுன்னாங்க. இதுதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டமான பகுதி. என் தங்கச்சி குன்னூர்லருந்து ஒரு நாளைக்கு பத்து தடவை ஃபோன் பண்ணி “பையனை ஏன்ணா அங்க வச்சிருக்க, மேல கூட்டிட்டு வா, இங்க நான் பாத்துக்கறேன்”ன்னு அழுதா. பெத்தவளுக்கு வீடுதான் பத்திரமான இடம். அந்த வீடு 1,850 மீட்டர்ல இருக்கறதுதான் பிரச்சனைன்னு ஃபோன்ல சொல்லிப் புரிய வைக்க முடியல, கடைசியில டீச்சர் பேசி, குக்கர் இல்லாம ஊட்டியில சோறு வேகறதுக்கு ஏன் நேரமாகுதுன்னு ஆரம்பிச்சு கால் மணி நேரத்துல புரிய வச்சாங்க.

நாலாவது நாள் கிளம்பினோம், ஆனா மைசூர் வழி இல்ல. காசர்கோடு, கோழிக்கோடு, பாலக்காடு, கோயம்புத்தூர். மேற்குத் தொடர்ச்சி மலையில பாலக்காட்டுக் கணவாய் தாழ்வா திறந்து கிடக்குது, அது வழியா வந்தா கோயம்புத்தூர் 411 மீட்டர், மேட்டுப்பாளையம் அதையும்விடக் கீழ, எங்கயும் 610ஐத் தாண்ட மாட்டோம். சொந்தக்காரங்க வீட்டுல இன்னும் ஒரு ராத்திரி தங்கிட்டு காலையில பர்லியார் வழியா மெதுவா ஏறினோம், ரெண்டு இடத்துல நிறுத்தி தோளையும் விரலையும் பாத்துக்கிட்டோம். ஒன்னும் வரல.

இப்ப என்ன மாத்தியிருக்கோம்

இடுக்குக்குள்ள போறதா இருந்தா ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல போற அகலம் இருக்கணும், 130 பாருக்குக் குறைஞ்சா மேல தாண்டித்தான் போகணும், எதுவும் தொங்கக் கூடாது. வாசல்ல மீன் ஆடுதான்னு ஒரு நிமிஷம் நின்னு பாக்கணும். இந்த எண்கள் எங்க நாலு பேருக்கு நாங்க வச்சுக்கிட்டது, விதிப் புத்தகத்துல இருக்கறது இல்ல.

படகுல ஆக்சிஜன் இல்லன்னா அந்தப் படகுல ஏறறதில்ல. நாலு பேரும் இன்சூரன்ஸ் எடுத்தாச்சு. கடைசி டைவுக்கு அப்புறம் முழுசா ஒரு நாள் கடற்கரையிலேயே தங்கறோம், அதுக்கு ரூம் வாடகை சேத்துதான் இனிமே பட்ஜெட். ஏதாவது தப்பா போன டைவ்னா ரெண்டு நாள், டாக்டர்கிட்ட பேசாம வண்டி எடுக்கறதில்ல.

லாக் புக்ல ஆழம், நேரம், காத்துன்னு இருக்கற கட்டங்களுக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் போட்டிருக்கோம், திரும்பற வழியில வர்ற ஒவ்வொரு ஊரோட உயரம். தம்பி அதை எழுதி டேஷ்போர்டுல ஒட்டியிருக்கான்.

மாப்ள இன்னும் தண்ணியில இறங்கல. இதயத்துல ரெண்டு மேல் அறைக்கு நடுவுல சின்னத் துளை சிலருக்குப் பொறந்ததுலருந்தே மூடாம இருக்கும், நாலு பேர்ல ஒருத்தருக்கு இருக்குமாம், அதுவழியா குமிழ் நுரையீரல்ல வடிகட்டப்படாம போகலாம்னு சேம்பர் டாக்டர் சொன்னாரு. அதைப் பாக்க பபுள் எக்கோன்னு ஒரு இதய ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க. அடுத்த வாரம் கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போறேன்.